என் பேச்சைக் கேட்ட ஒரே ஆள்

“வெட்கமா இல்ல உனக்கு?” என்று வாட்ஸப்பில் கேட்டேன்.

“இருக்கு சார்” என்று பதில் வந்தது.

இவ்வளவு பணிவாகப் பதில் போடுகிற பையன், கல்லூரிப் பக்கம் மட்டும் தலைவைத்தும் படுக்கவில்லை.

அறையில் உட்கார வைத்து அறிவுரை சொன்னால் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள், இனிமேல் அவரவர் போனுக்கே போய் ஆலோசனை சொல்லுங்கள் என்று எங்கள் முதல்வர் உத்தரவு போட்டிருந்தார். வகுப்புக்கு ஓர் ஆலோசகர். நான் பாடமே எடுக்காத மூன்றாம் ஆண்டு வகுப்பு என் தலையில் விழுந்தது. விழுந்தது என்று வெளியில்தான் சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள் ஏகக் குஷி. கோட்டுப் போட்டுப் படம் எடுத்து வைத்து, கீழே ‘மாணவர் ஆலோசகர்’ என்றும் போட்டுக்கொண்டேன்.

வேலையில் மட்டும் நான் கொஞ்சம் சோம்பேறி. ஒரே அறிவுரையை அடித்து, மட்டம் போடுகிற அத்தனை பேருக்கும் அப்படியே தள்ளிவிடுவேன். அதில் பேர் இருக்காது, பாடம், வகுப்பு என்ற பேச்சே இருக்காது. பேர் போட்டால் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாக அடிக்க வேண்டும், யாரால் முடியும்?

மற்றவர்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவதோடு சரி. பாதிப் பேர் அதுவும் இல்லை. இவன் ஒருத்தன்தான் வரிக்கு வரி பதில் போடுவான். கூட்டாளிகளோடு உட்கார்ந்து பொழுதை ஓட்டினால் உருப்படுவாயா என்று கேட்டதற்கு, “மாட்டேன் சார்.” உன்னை நம்பி வீட்டில் இருக்கிறவர்களை நினைத்துப் பார்த்தாயா என்றதற்கு அரை நாள் சத்தமே இல்லை. அப்புறம், “பார்த்தேன் சார். தப்புதான். நாளையிலேர்ந்து ஒழுங்கா இருக்கேன், சத்தியமா.”

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மனைவியிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

“வீட்ல ஒரு ஜீவன்கூட நீங்க சொல்றதைக் கேக்கறதில்ல. பாவம், யாரு பெத்த பிள்ளையோ” என்றாள்.

ஆசிரியர் அறையிலும் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். கணக்கு மேடம் மட்டும் தலையே நிமிராமல், பையன் வகுப்புக்கு வருகிறானா என்று ஒரு கேள்வி கேட்டார். அதில் என் குஷி இறங்கிப் போனது.

வருகைப் பதிவை எடுத்துப் பார்த்தேன். போனில் அப்படிக் குழைகிறவன் வகுப்பில் ஆளே இல்லை. வருகை குறைந்தவர்கள் தேர்வு எழுத வேண்டும் என்றால் ஆலோசகர் பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட வேண்டும். நான் போடாவிட்டால் அவனுக்கு ஒரு வருஷம் வீண். வீணாகட்டும் என்று முடிவு பண்ணினேன். என் காதிலேயே பூச்சுற்றுகிறவனுக்குப் பரிந்துரை ஒரு கேடா? அவனுக்கு அறிவுரை அனுப்புவதையும் அன்றோடு நிறுத்திவிட்டேன்.

ரெண்டு நாள் கழித்து அவனே என் அறைக்கு வந்து, இன்னார் என்று சொல்லிக்கொண்டு நின்றான். ஒல்லியான பையன். கழுவியும் போகாத கிரீஸ் கறை நகக்கண்ணில் இருந்தது. தேர்வு எழுத வேண்டும், கையெழுத்துப் போடுங்கள் என்று கெஞ்சினான்.

“தினமும் சத்தியம் பண்ணிட்டு, கூட்டாளிங்களோட ஊர் சுத்தினியே, அப்ப எங்க போச்சு இந்த அக்கறை?”

“எனக்குக் கூட்டாளிங்களே கிடையாது சார். சத்தியம் எப்ப பண்ணினேன்?”

போனை எடுத்து அவன் மூஞ்சிக்கு நேரே நீட்டினேன். வாங்கிப் படித்தான். படிக்கப் படிக்க அவன் முகம் ஒரு மாதிரி ஆனது.

“இது அப்பா நம்பர் சார். என்கிட்ட இருக்கறது பட்டன் போன். சேரும்போது நம்பர் கேட்டாங்க, அப்பாவோடதைக் கொடுத்தேன்.”

அந்த நம்பரில் ஒரு பைக் படம் இருக்கும். அதைப் பார்த்து, இளவட்டம்தான் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அது அவர்களுடைய பைக் ரிப்பேர் கடையின் படமாம்.

மென்று முழுங்கி மீதியையும் சொன்னான். அப்பாவுக்குச் சீட்டாட்டப் பைத்தியம். காலையில் போனால் இருட்டின பிறகுதான் வீடு. கடையைப் பூட்டினால் சோத்துக்கு வழியில்லை, அதனால் இவன் வகுப்பை விட்டுவிட்டு பைக் கழற்றிக்கொண்டிருந்திருக்கிறான். இந்த வாரம்தான் ஒரு வகுப்பு விடாமல் வருகிறானாம். நான் போன வாரப் பதிவை வைத்துக்கொண்டே கொதித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

“இந்த வாரம் மட்டும் எப்படி வர முடிஞ்சது?”

“அப்பா கடைக்கு வந்துட்டாரு சார். அம்மா கால்ல விழுந்தும் கேக்காத மனுஷன். என்னப்பா ஆச்சுன்னா, ‘வாத்தியார்கிட்டப் போட்டுக் கொடுத்தது நீதானே’ன்னு முறைக்கிறாரு. எனக்கு ஒண்ணுமே புரியல. இப்பதான் புரியுது.”

கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான்.

அப்பாவுக்கு என்ன வயது என்று மெதுவாகக் கேட்டேன். என்னைவிட மூத்தவர். அந்த மனுஷனைத்தான் வாய்க்கு வந்தபடி ‘நீ’, ‘வா’, ‘போ’ என்று தாளித்திருக்கிறேன். இத்தனை வருஷத்தில் என் பேச்சைக் கேட்டு நடந்தவர் ஒரே ஒருத்தர், அவரும் என் மாணவர் இல்லை. கணக்கு மேடத்திடம் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு இதைச் சொல்வது?

கையெழுத்துப் போட்டேன். பிறகு அவன் கையிலிருந்து போனை வாங்கி, “மரியாதைக்குரிய ஐயா, தாங்கள் என்னை மன்னிக்க வேண்டும்” என்று அடிக்க ஆரம்பித்தேன். நான் அனுப்புவதற்குள் அங்கிருந்து ஒன்று வந்து விழுந்தது.

“சார், ரெண்டு நாளா ஏன் திட்டல? கூட்டாளிங்க கடை வாசல்ல வந்து நின்னு கூப்பிடுறாங்க. கொஞ்சம் சீக்கிரம் திட்டுங்க.”