மருந்தைப் பிடித்து வைத்தவள்

வாஷ்பேசினில் தண்ணீரைச் சரித்தாள். சத்தம் வராமல், ஓரமாக.

பாட்டில் காலியானது. குடித்தவள் மாதிரி வாயைத் துடைத்துக்கொண்டாள்.

இன்றைக்கு இது மூன்றாவது.

காலையில்தான் மருந்தை ஏற்றினார்கள். ஈயப் பெட்டிக்குள்ளிருந்து வெளியே எடுத்த மருந்து. ஊசியைக் குத்தியவர்கள் உடனே தள்ளிப் போய் நின்றார்கள். அதற்குப் பிறகு அறைக்குள் யாரும் வரவில்லை. சோற்றுத் தட்டுகூட வாசற்படியோடு நின்றுவிட்டது.

கழுத்திலும் அக்குளிலும் கட்டி கட்டியாய்க் கிளம்பிய புற்று. இரண்டு தரம் மருந்து கொடுத்தும் திரும்பி வந்தது.

“இது நோயைத் தேடிப் போய் ஒட்டிக்கிடும்மா. ஒட்டின இடத்துலயே கதிர் அடிச்சு எரிக்கும்” என்றார் டாக்டர்.

இதுவும் கேட்கவில்லை என்றால் வேறு மருந்து இல்லை. அதை அவளிடம் சொல்லவில்லை. புருஷன் பலவேசத்தைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வெளியே வந்தவன் முகத்திலேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

நர்ஸ் ஜெனோவா சொன்னதுதான் அவளுக்கு ஆகவில்லை. நிறையத் தண்ணி குடிக்கணும். அடிக்கடி ஒண்ணுக்குப் போகணும். மிச்ச மருந்து வெளியே வந்துரணும்.

வெளியேயா?

கடைசி மருந்து. அதை எந்தப் பைத்தியக்காரியாவது கக்கூசில் விடுவாளா?

அடக்குவது அவளுக்குப் புதிதில்லை. முப்பது வருஷம் உப்பளத்து வேலை. கண்ணுக்கெட்டிய மட்டும் வெள்ளைப் பாத்தி. ஒதுங்க ஒரு புதர் கிடையாது. விடியுமுன் போனால் வீடு திரும்பும் வரை பெண்கள் யாரும் வாயில் தண்ணீர் ஊற்றுவதில்லை. அப்படியே முட்டிக்கொண்டு வந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு உப்பை வாருவார்கள். உடம்பும் பழகிப்போனது.

பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்த போன் அடித்தது. பலவேசம். கீழே வராந்தாவில் கிடக்கிறான்.

“ஏட்டி, இருக்கா?”

“இருக்கு. ஒரு சொட்டு விடலை.”

“கெட்டிக்காரி. அந்த நர்ஸுப் பிள்ளைகிட்ட வாயைத் திறந்துராத.”

சாயங்காலம் ஜெனோவா வாசலில் நின்று கதிர் அளக்கிற மீட்டரை நீட்டினாள். பார்த்தாள். தட்டிவிட்டு மறுபடி நீட்டினாள்.

“என்னக்கா இது, நம்பர் இறங்கவே மாட்டேங்குது?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். சிரித்தால் அடிவயிறு தாங்காது. கல்லாய்க் கனத்துக் கிடந்தது.

“தண்ணி குடிச்சீங்களா?”

“குடிச்சேன்.”

“கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனீங்க?”

அவள் ஜன்னலைப் பார்த்தாள். ஜெனோவா அவள் முகத்தைப் பார்த்தாள், வயிற்றின் மேல் குறுக்கே கிடந்த கையைப் பார்த்தாள்.

“ஐயோ அக்கா! ஒட்ட வேண்டியது போய் ஒட்டிக்கிடும். மிச்சம் மூத்திரப்பையில தங்குனா உங்க நல்ல சதையைத்தான் எரிக்கும். எந்திரிங்க. இப்பவே போங்க.”

சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனாள். உட்கார்ந்தாள்.

வரவில்லை.

முக்கினாள். குழாயைத் திறந்துவிட்டாள். நெற்றியில் வேர்த்தது.

முப்பது வருஷமாகச் சொன்னதைக் கேட்ட உடம்பு. இப்போது போ என்றால் போகவில்லை.

“வரலைம்மா” என்றாள், வாசலுக்குக் கேட்கும்படி. அவள் குரல் அவளுக்கே யாரோ குரல் போலிருந்தது.

ஜெனோவா ஓடுகிற சத்தம் கேட்டது. டாக்டரைக் கூப்பிடுகிற சத்தம். பிறகு கீழே வராந்தாவில் யாரையோ திட்டுகிற சத்தம்.

மடியில் போன் அடித்தது.

எடுத்தாள். பலவேசம். மூச்சு மட்டும் வந்தது.

காதோடு அழுத்திக்கொண்டாள்.

நாலு பிள்ளைகளைக் கால்மேல் உட்காரவைத்து ஒண்ணுக்குப் போகவைத்தவள் அவள். ஒரு நாளும் அவன் கிட்டே வந்து பார்த்ததில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விடுவான்.

போனுக்குள் அவன் தொண்டையைச் செருமினான். பக்கத்தில் ஆட்கள் இருந்திருப்பார்கள் போல. கொஞ்சம் தயங்கினான்.

“ஸ்ஸ்ஸ்ஸ்…”

மூச்சு முட்டி நின்றது. மூக்கை உறிஞ்சினான்.

“ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்… என் தங்கம்லா… ஸ்ஸ்ஸ்ஸ்…”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.