காலையில் கட்டிய மெட்டு

வருடக்கணக்கில் ஊர் ஊராக நடக்கும் தங்கள் பேண்டு நிகழ்ச்சி சலித்துவிட்டது என்று பேச்சு எழவே, டிரம்பெட் வாசிக்கும் ஒலி முகம்மது அன்று காலையில் புது மெட்டு ஒன்றைக் கட்டினார். யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை.

சாயங்காலம் திருச்சுழி மேடையில் அதைத் தொடங்கினார். ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னாலேயே கூட்டம் கைதட்டியது. டிரம்ஸின் முறை வந்ததும் முன்வரிசைப் பெண்ணிடம் குனிந்து, "ஏம்மா, இத முன்னாடி கேட்ருக்கீகளா?" என்றார்.

"போன வருசம் இங்கனதான வாசிச்சீக? எப்பக் கேட்டாலும் புதுசாத்தான் இருக்கு பாய். முடிக்கையில நீங்க சுருண்டு விழுந்தத நெனச்சாத்தான் பகீருங்குது."

அவர்கள் திருச்சுழிக்கு வருவது இதுதான் முதல் தடவை. ஆனாலும் ஒலி முகம்மதுவுக்குப் பாதியில் நிறுத்த மனம் வரவில்லை. கடைசி அடிக்கு அவர் மூச்சை இழுத்தபோதே, அந்தப் பெண் தண்ணீர்ப் பாட்டிலோடு மேடையேறி ஓடி வந்துகொண்டிருந்தாள்.