நாலு இருமல்

அந்த அம்மாள் மறுபடியும் இருமினாள். மூன்றாவது தடவை.

'என் பிழைப்பில் மண்ணைப் போடவென்றே வந்திருக்கிறாள்' என்று உள்ளுக்குள் பல்லைக் கடித்தாள் ரேடியோ டாக்டர்.

ரேடியோ என்பது கூடப் படித்தவர்கள் வைத்த பெயர். வாய் ஓயாது. தூக்கத்திலும் பேசுவாள் என்பது வீட்டுக்காரரின் வாக்குமூலம்.

அப்படிப்பட்டவள் சேர்ந்ததோ நோய்த்தணிப்பு மருத்துவம். இனிக் குணமாகாது என்று ஆனவர்களை வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளும் படிப்பு. அதில் கடைசியாக ஒரு செய்முறைத் தேர்வு. நடிக்க வந்த ஒருவர் நோயாளியாக எதிரே உட்காருவார். அவரிடம் கெட்ட செய்தியைச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு அவராகப் பேசும்வரை டாக்டர் வாயைத் திறக்கக் கூடாது.

அந்த இடத்தில்தான் ரேடியோ இரண்டு தடவை கோட்டை விட்டாள்.

முதல் தடவை, மௌனம் தாங்காமல் நடைப்பயிற்சியின் நன்மைகளைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். இரண்டாம் தடவை இன்னும் மோசம். எதிரே இருந்தவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டதும், கடையில் இரண்டும் இடது காலாகச் செருப்பு வாங்கி வந்த தன் சொந்தக் கதையை அவிழ்த்துவிட்டாள். தேர்வாளர் போட்ட முட்டையில் பேனா தாளையே கிழித்துவிட்டது.

இது மூன்றாவது, கடைசி வாய்ப்பு. விட்டால் பழையபடி மயக்க மருந்துப் பிரிவுக்கே போக வேண்டியதுதான். அங்கே பேச்சுத் துணைக்குக்கூட ஆள் கிடையாது. எல்லாரும் மயங்கிக் கிடப்பார்கள்.

ஒரு மாதமாக வீட்டுக்காரர்தான் ஒத்திகை நோயாளி. ஆபீஸ் விட்டு வந்ததும், “இன்னைக்கு எனக்கு என்ன நோய்?” என்று கேட்டுக்கொண்டே நாற்காலியில் சாய்வார். ஒரு நாளாவது இருபது எண்ணும்வரை அவள் வாயை மூடியிருந்தால்தானே.

இன்றைக்குச் செய்தியை ஒழுங்காகத்தான் சொன்னாள்.

“ஸ்கேன் ரிப்போர்ட் நாம எதிர்பார்த்த மாதிரி இல்லைங்கம்மா. இந்த நோயைக் குணப்படுத்த இனிமே வழியில்லை. ஆனா வலியில்லாம வச்சுக்க முடியும். நாங்க கூடவே இருப்போம்.”

அதோடு நிறுத்தியாயிற்று. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அதே தேர்வாளர். எதிரே நரைத்த தலையும் முகக்கவசமுமாக அந்த அம்மாள், தரையைப் பார்த்தபடி. ரேடியோவுக்கு நாக்கு நமநமத்தது. 'பயப்படாதீங்க' என்று சொல்ல வாயெடுத்தாள். லொக் லொக் என்று இருமல். மூடிக்கொண்டாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கப் போனாள். அதற்கும் இருமல். மூன்றாவதும் அப்படியே போயிற்று.

இப்போது செருப்புக் கதையே தொண்டைவரை வந்துவிட்டது. உதடு பிரிந்ததுதான் தாமதம், மேஜையே ஆடுகிற மாதிரி ஓர் இருமல்.

பிறகு அந்த அம்மாளே மெல்ல நிமிர்ந்தாள்.

“இதை என் பொண்ணுகிட்ட யாரு டாக்டர் சொல்றது?”

“நாம ரெண்டு பேருமாச் சேர்ந்து சொல்லலாம்மா.”

மணி அடித்தது.

தேர்வாளர் எழுந்தே வந்துவிட்டார். “அவங்க இருமினப்ப எல்லாம் அவசரப்படாம காத்திருந்தீங்க பாருங்க, அந்த மௌனத்துக்கு முழு மார்க். போன தடவை வந்தது நீங்கதானான்னு சந்தேகமா இருக்கு.”

ரேடியோவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வராந்தாவிலிருந்தே வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள்.

“பாஸ்! முழு மார்க். சும்மா இருந்ததுக்கு!”

“நீயா? சும்மாவா? சாட்சி இருக்கா?”

சாட்சி வராந்தாக் கடைசியில், குழாயடியில் நின்று தலையிலிருந்த வெள்ளைப் பவுடரைக் கழுவிக்கொண்டிருந்தது. நாற்பது வயதுகூட இருக்காது. ரேடியோ துள்ளிக்கொண்டு ஓடினாள்.

“ரொம்ப நன்றிங்க. அந்த இருமலுக்கு மருந்து ஏதாவது எழுதித் தரட்டுமா?”

“எனக்கேது டாக்டர் இருமல்? நீங்க வாயைத் திறந்தப்ப எல்லாம் இருமினேன்.”

மருந்து எழுத எடுத்த பேனாவை ரேடியோ திரும்பப் பையில் செருகினாள்.

“செருப்புக் கதைக்கு முட்டை வாங்கினவங்க ஒருத்தங்க இருக்காங்கன்னு கூட நடிக்கிறவங்க சொல்லிச் சிரிச்சாங்க. கேட்டதுமே ஆள் யாருன்னு தெரிஞ்சுபோச்சு. இந்தத் தடவை உங்களைத் தோக்க விடக் கூடாதுன்னுதான், இந்த நோயாளி வேஷத்தை நானே கேட்டு வாங்கிக்கிட்டு வந்தேன்.”

“என்னை எப்படி...”

“ரெண்டு வருஷம் ஆச்சு. நீங்க இங்க சேர்ந்த புதுசு. என் வீட்டுக்காரர் போன அன்னைக்கு நாலாவது மாடியில எங்கிட்ட பேசினீங்க.”

ரேடியோவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அந்த நேரத்திலா? “மன்னிச்சிடுங்கம்மா. எனக்கு அப்ப ஒண்ணும் தெரியாது. ஏதாவது உளறியிருப்பேன். இனிமே யார்கிட்டயும் அந்தக் கதையைச் சொல்ல மாட்டேன்.”

“ஐயோ, அப்படிப் பண்ணிடாதீங்க. பரீட்சைக்குத்தான் இருமினேன். வார்டுக்கு இல்லை.”

அந்த அம்மாள் குழாயை மூடிவிட்டு, ஈரக் கையாலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அன்னைக்கு எல்லாரும் மரியாதையா, மௌனமா நின்னுட்டுப் போயிட்டாங்க டாக்டர். நான் ஜன்னலைத் திறந்து ஒரு காலை வெளிய வச்சுட்டேன். பின்னாடி வந்த நீங்க, ரெண்டும் இடது கால் செருப்பா வாங்கின கதையை ஆரம்பிச்சீங்க. அதோட முடிவைக் கேக்கத்தான் காலை உள்ள எடுத்தேன்.”