புதன்கிழமை வகுப்பு

“என் வீட்டுக்காரர் இறந்துட்டார். இப்போ நான் முதல்ல என்ன செய்யணும்? கேளுங்க,” என்றாள் விண்ணரசி.

பூதலூர் மாதா கோயில் கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். பாதிப் பேர் நடவு வயலிலிருந்து நேரே வந்தவர்கள். காலில் சேறு காயவில்லை. அவர்கள் வீட்டு ஆண்களில் பெரும்பாலோர் சவூதியிலும் குவைத்திலும் இருந்தார்கள். அங்கிருந்து வரும் பணத்தைக் கட்டிக்காப்பது எப்படி என்று சொல்லித் தருவதுதான் விண்ணரசியின் வகுப்பு.

அனிட்டாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவள் கணவன் ஜெரால்ட் அடுத்த வாரம்தான் விமானம் ஏறப் போகிறான். இந்த நேரத்தில் இதென்ன பேச்சு என்றிருந்தது.

ஆனால் விண்ணரசி பாடம் நடத்துவதே இப்படி நாடகம் போட்டுத்தான். போன ஞாயிறு கரியால் மீசை வரைந்துகொண்டு அடகுக்கடைக்காரராக உட்கார்ந்து, வட்டிக் கணக்கில் எல்லாரையும் ஏமாற்றிக் காட்டினாள். அடுத்த ஞாயிறு வரை பொறுக்காமல் இன்று புதன்கிழமையே ஆளனுப்பிக் கூப்பிட்டதில்தான் சிலருக்கு முணுமுணுப்பு.

அவள் கணவர் சகாயராஜ் ரியாத்தில் கொத்தனார். வெள்ளிக்கிழமை லீவு, அன்று மட்டும் கடைத்தெரு எஸ்.டி.டி. பூத்துக்குப் பேசுவார்.

பள்ளிக்கூடத்தில் மக்கு என்று பெயர் வாங்கியவள் விண்ணரசி. எழுத்துகள் அவள் கண்ணுக்கு இடம் மாறிக் குதிக்கும். முப்பத்தேழை எழுபத்து மூன்று என்பாள். பிறகு தானாகவே ஒரு வழி கண்டாள். கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரு வரி தெரிகிற அளவுக்கு ஓட்டை வெட்டி, அதை வைத்து வரி வரியாகப் படித்தாள். எந்தக் காரியமானாலும் முதலில் நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பாள், அப்புறம்தான் செய்வாள். இல்லாவிட்டால் எல்லாம் தலைகீழாகிவிடும் அவளுக்கு.

“பேங்குல இருக்கிற பணத்தை யாரு எடுக்கிறது?” என்று ஃபிளோரா தொடங்கினாள். கூடத்தில் அவள்தான் வயதில் மூத்தவள்.

“கணக்கு ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு. நானே எடுக்கலாம். இன்சூரன்ஸுக்கும் நான்தான் நாமினி.”

குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. மீசை வரைந்த அன்று என்னமாய்க் குரல் மாற்றிப் பேசினாள், இன்று நடிப்பு எடுபடவில்லையே என்று அனிட்டா நினைத்தாள்.

உடல் ஊர் வந்து சேர எத்தனை நாளாகும் என்று ஒருத்தி கேட்டாள். ஒரு மாதம்கூட ஆகலாம் என்று சொல்கிறார்களாம். அதுவரைக்கும் வீட்டுச் செலவுக்குத் தனியாக எடுத்து வைத்திருக்கிறாளாம். தன் ஜெரால்ட் யாரை நாமினியாகப் போட்டிருக்கிறான் என்பது அனிட்டாவுக்குத் தெரியாது. கேட்க இதுவரை வாய் வரவில்லை. இன்றைக்கே கேட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தாள்.

“கொழுந்தனார் வந்து ஒரு பத்திரத்தை நீட்டி, கையெழுத்துப் போடுங்கன்னா?” இதை அனிட்டாவே கேட்டாள்.

“போடமாட்டேன். எனக்கு எழுத்து குதிக்கும், அட்டை வெச்சுத்தான் படிப்பேன், நாளாகும்னு சொல்லுவேன். அதைச் சொல்ல எனக்கு வெக்கமில்ல.”

“அப்ப அழறது எப்போ?” என்றாள் ஃபிளோரா. கூடமே சிரித்தது.

“எல்லாத்தையும் சொல்லி முடிச்சப்புறம்.”

பெண்கள் வயலுக்குக் கிளம்பினார்கள். விண்ணரசி கையிலிருந்த சாக்பீஸ் தூளைக்கூடத் துடைக்காமல், அட்டையைப் பிடித்தபடி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அனிட்டா அவளருகில் போனாள். மனதில் பட்டதைச் சொல்லாமல் போக முடியவில்லை.

“பாடம் நல்லாத்தான் இருந்துச்சுக்கா. ஆனா அண்ணனை வெச்சு இப்படிச் சொல்லியிருக்க வேணாம். அவரு நல்லா இருக்கணும்.”

விண்ணரசி நிமிர்ந்து பார்த்தாள்.

“காலையில பூத்துக்குப் போன் வந்துச்சு, அனிட்டா.”