வைகுண்டராஜ் வீட்டு வெள்ளை நாய்

“எங்க வீட்டு நாய்க்கு வெறியா? ரிப்போர்ட்டை மாத்தி எழுதுங்க, டாக்டரம்மா!”

ராஜபாளையத்து மில் முதலாளி வைகுண்டராஜ், கைக்குட்டை சுற்றிய வலக்கையால் மேஜையைக் குத்தினார்.

அவருடைய வெள்ளை ராஜபாளையம் நாய் மில்லில் வேலை பார்க்கும் சண்முகத்தாயைக் கடித்துவிட்டு, இரண்டே நாளில் செத்துப்போனது. அதன் தலையை ஐஸ் பெட்டியில் வைத்து, சோதித்துப் பார்க்கச் சொல்லி அவரேதான் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

டாக்டர் ரோசம்மாள் மைக்ராஸ்கோப்பிலிருந்து நிமிரவில்லை.

“பதினஞ்சு வருசமா மூளையைத்தான் பாக்கேன். இருக்கதை இல்லைன்னு எழுத மாட்டேன்.”

“மந்திரிகிட்டச் சொல்லி உங்களைத் தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திருவேன்!”

“மாத்துங்க. மைக்ராஸ்கோப்பு அங்கேயும் இதைத்தான் காட்டும்.”

“சுத்தமான சாதி நாய்ம்மா அது! ஊரே சிரிக்குமே!”

“மூளையில சாதி தெரியாது, முதலாளி. வெறிதான் தெரியும்.”

வைகுண்டராஜ் கொதித்துப்போனார். “அது எங்க நாய்த் தலையே இல்ல! எங்க நாய் வெறியில செத்தது யாருக்கும் தெரியக்கூடாதுன்னு, தெருவுல திரிஞ்ச வெள்ளை நாயை நானே பிடிச்சு அறுத்துக் கொண்டாந்தேன்!”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“தெரியும். உங்க சாதி நாய்க்கு மூக்கு ரோஸ் நிறம். பெட்டியில வந்த மூக்கு கறுப்பு. அதைப் பார்த்ததுமே சண்முகத்தாய்க்கு ஊசி ஆரம்பிக்கச் சொல்லிட்டேன்.”

ரோசம்மாள் இப்போதுதான் நிமிர்ந்தார். அவர் பார்வை கைக்குட்டை சுற்றிய கையில் நின்றது.

“தெருநாய் நல்லாக் கடிச்சிருச்சோ? வயித்துல பதினாலு ஊசி. வெளிய சண்முகத்தாய் வரிசையில நிக்கா. அவளுக்குப் பின்னால போய் நில்லுங்க.”