உதைக்காத கணக்கு

சட்டையை மாற்றிக்கொண்டு அவன் கூடத்துக்கு வந்தபோது, இளவரசி மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தாள்.

"வண்டி வர்றதுக்குள்ள இதை ஒரு தடவை பாத்துருங்க."

மாலையில் திருச்சியிலிருந்து விமானம். பெட்டி கட்டியாகிவிட்டது. அவன் நின்றபடியே எட்டிப் பார்த்தான்.

"உக்காந்து பாருங்க."

உட்கார்ந்தான்.

தோஹாவில் கிரேன் ஓட்டுகிறவன். கல்யாணமான மறுவருடம் போனவன். மகள் பிறந்த சேதியைப் போனில்தான் கேட்டான். அவள் இப்போது தஞ்சாவூரில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள்.

ஒவ்வொரு விடுமுறையின் முடிவிலும் ஒன்றையே சொல்வான். இன்னும் ரெண்டு வருசம். இந்த முறையும் சொன்னான், சாப்பிடும்போது. இளவரசி ரசத்தை ஊற்றினாள்.

மாதம் பிறந்தால் பணம் அனுப்பிவிடுவான். அனுப்பியது என்ன ஆயிற்று என்று கேட்டதில்லை. மணலில் ஊற்றுகிற தண்ணீர் அது என்று நினைத்திருந்தான். நிறுத்தினால் எல்லாம் காய்ந்துவிடும். அந்தப் பயம்தான் அவனை ஒவ்வொரு முறையும் விமானம் ஏற்றியது.

திரை முழுக்கக் கட்டங்கள். கட்டங்களுக்குள் எண்கள்.

அவள் எக்செல்லில் ஏதோ எழுதி வருவது அவனுக்குத் தெரியும். ஒருமுறை, "கணக்குல நாப்பது ரூபா உதைக்குதுங்க" என்று ஒரு வாரம் புலம்பினாள். "அந்த நாப்பதை நான் தர்றேன், போய்த் தூங்கு" என்று போனில் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. கடைசியில் கண்டுபிடித்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரிக்குப் பஸ்ஸுக்குக் கொடுத்த காசு.

"ஒவ்வொன்னையும் ரெண்டு தடவை எழுதியிருக்கியே?"

"ஆமா. எங்கேருந்து எடுத்தோம்னு ஒரு தடவை. எங்க போய்ச் சேந்துச்சுன்னு ஒரு தடவை. ரெண்டும் சரியா நிக்கணும். இல்லேன்னா நான் எதையோ மறந்திருக்கேன்னு அர்த்தம்."

பிளஸ் டூவில் படித்த கணக்குப் பதிவியல். அதற்குமேல் அவளை யாரும் படிக்க வைக்கவில்லை.

இடப்பக்கம் அவள் விரல் மெல்ல இறங்கியது. வீடு. தென்னந்தோப்பு. தையல் மிஷின்கள். பேங்க் டெபாசிட். மகள் படிப்புக்கென்று தனியாக ஒன்று. அவன் அப்பாவின் வைத்தியத்துக்கென்று தனியாக இன்னொன்று.

"எல்லாம் போச்சுன்னுல்ல நெனச்சிருந்தேன்."

"போகலைங்க. இடம் மாறியிருக்கு."

வலப்பக்கம் வீட்டுக் கடன் என்றிருந்தது. எதிரே பூஜ்யம். அதைக் கட்டி முடித்ததை அவள் சொன்னபோது, அவன் கிரேன் மேலே இருந்தான். சரி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான். அதன் கீழே, என் தையல். அதன் கீழே, கடைசி வரியாக, அவர் உழைப்பு.

அந்த வரிக்கு எதிரே இருந்த எண்ணை அவன் ஒவ்வோர் இலக்கமாகப் படித்தான்.

வெயிலில், மணற்காற்றில், தரையிலிருந்து அத்தனை உயரத்தில், ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் கழிந்த வருடங்கள். அவற்றை அவன் ஒருசேரப் பார்த்ததே இல்லை.

இவள் ஒன்றையும் சிந்தவிடவில்லை.

"இப்ப இதைப் பாருங்க."

வேறொரு தாளுக்குப் போனாள். வரப்போகிற மாதங்கள். தோப்புக் குத்தகை, வாசல் அறையின் கடை வாடகை, தையல், டெபாசிட் வட்டி. மேலே, எல்லாவற்றையும்விடப் பெரிதாக, அவன் சம்பளம்.

அவள் அந்தக் கட்டத்தை அழித்தாள்.

எண்கள் கடகடவென்று மாறிக்கொண்டே கீழே இறங்கின. அவன் கை மேசை விளிம்பைப் பிடித்தது.

நின்றன.

"கொறஞ்சு போனா செவப்பாயிடும். அப்படித்தான் போட்டு வச்சிருக்கேன்."

ஒரு கட்டமும் சிவக்கவில்லை.

"அப்பாவுக்குத் திடீர்னு ஏதாவதுன்னா?"

"அந்த வைத்தியப் பணத்துல கை வைக்கவே இல்ல."

"படிப்பு முடிஞ்சா கல்யாணம்?"

"அதுக்கு டெபாசிட்டுல தனியா இருக்கு. வட்டியை மட்டுந்தான் எடுக்கறோம்."

"விலைவாசி ஏறும்."

"ஏத்தித்தான் போட்டிருக்கேன்."

இன்னும் ஏதாவது கேட்கலாம் என்று தேடினான். கிடைக்கவில்லை. அவன் வாயைத் திறக்கும் முன்பே அவள் அந்தக் கேள்வி வழியாக நடந்து போய்த் திரும்பி வந்திருந்தாள். எத்தனை மத்தியானங்களில், எத்தனை முறை இந்தக் கட்டத்தை அழித்துப் பார்த்திருப்பாள். சிவந்திருக்கும். மூடி வைத்திருப்பாள். மறுபடி அழித்துப் பார்த்திருப்பாள்.

ஒருமுறைகூட வந்துவிடுங்கள் என்று சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை.

வாசலில் வண்டி வந்து நின்றது. டிரைவர் உள்ளே தலையை நீட்டினான்.

"அண்ணே, கெளம்பலாமா?"

"ரெண்டு நிமிசம்ப்பா."

அவள் அழித்த சம்பளத்தைத் திரும்பப் போட்டாள். மூடியைச் சாத்தப் போனாள்.

அவன் அவள் கையைத் தடுத்தான்.

"இரு. வேலையை விட்டா கம்பெனிக்காரன் கணக்கு முடிச்சுக் கொஞ்சம் காசு குடுப்பான். அதை எங்க எழுதுவ?"

இளவரசி வரப்போகிற மாதங்களின் தாளில் புதிதாக ஒரு வரி சேர்த்தாள். பேங்க் என்று அடித்தாள். எழுத்து பிசகியது. அழித்துவிட்டு மறுபடி அடித்தாள்.

"எந்த மாசம்னு போடறது?" என்று கேட்டாள்.

திரையைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டாள்.