சதுப்பைத் தாண்டி வந்த பதில்

பிர்ச் மரப்பட்டைக் குழலை வாயில் வைத்து, துணை தேடும் பெண் மூஸ் மான் மாதிரி நீளமாக இழுத்துக் கத்தினேன்.

ஏழாம் நாள், கடைசிக் காலை. பத்து மணிக்குப் படகு வந்து வெண்டலை ஏற்றிக்கொண்டு போய்விடும்.

வெண்டல் ஒஹையோவில் பல் டாக்டர். குதிரையை விட உயரமான ஒரு மானைச் சுட்டு, அதன் கொம்பை வீட்டுக் கூடத்தில் மாட்ட வேண்டும் என்று எங்கள் நியூஃபவுண்ட்லாந்து தீவு வரைக்கும் வந்தவர். வெளியூர்க்காரர் இங்கே வழிகாட்டி இல்லாமல் வேட்டைக்குப் போக முடியாது. துப்பாக்கி அவருடையது, கண்ணும் காதும் என்னுடையவை.

மனுஷன் நல்லவர்தான். ஆனால் வாய் ஓயாது. மூன்றாம் நாள், ஆண் மூஸ் ஒன்று கூப்பிடு தூரத்தில் வந்து நின்றபோது சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தார். ஐந்தாம் நாள் நன்றாகக் குறி பார்த்து விசையை இழுத்தார். 'டிக்' என்றது. குண்டு போட மறந்திருக்கிறார். அந்த மூஸ் எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போனது.

நான் சொன்னதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு.

இவரும் வெறுங்கையோடு போனால் இந்தப் பருவத்தில் அப்படிப் போகும் மூன்றாவது ஆள். அடுத்த வருஷம் என் வேட்டை முகாமைத் தேடி யார் வருவார்கள்?

இன்னொரு முறை கத்தினேன்.

"உவ்."

சதுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது, ஆண் மூஸ் தரும் பதில். இருபது வருஷமாக இதுதான் பிழைப்பு. இன்னும் அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு முதுகு சிலிர்க்கும்.

நான் இழுத்துக் கத்த, அது 'உவ்' என்றது. கொஞ்சம் கிட்டே வந்து மறுபடி 'உவ்' என்றது. அரை மணி நேரம் இப்படியே போயிற்று. சேற்றில் கால் புதைந்து எழும் சத்தம் கேட்டது. அப்புறம் கொம்பு மரத்தில் உரசும் சத்தம்.

முப்பதடி தூரத்தில் ஃபிர் மரக்கன்றுகள் ஆடின. இலைகளுக்கு நடுவே பழுப்பாக ஏதோ அசைந்தது.

"சுடுங்க டாக்டர்!" என்றேன். "சுடுங்க, போயிடப் போகுது!"

வெண்டல் சுடவில்லை. கன்னத்தைத் துப்பாக்கியில் பதித்தபடி, ஏழு நாளில் முதல் முறையாகக் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"கொம்பு இன்னும் தெரியலையே, ஹெட்லி."

கொம்பு கண்ணில் படாமல் விசையில் விரல் படக் கூடாது. நாற்பது தடவை அவரிடம் சொல்லியிருப்பேன். சொன்ன நானே அதை மறந்து நின்றேன்.

கன்றுகள் விலகின. முதலில் ஆரஞ்சுத் தொப்பி வெளியே வந்தது. பிறகு பழுப்புச் சட்டை. ஒரு கையில் பிர்ச் குழல், இன்னொன்றில் கொம்பு மாதிரி மரத்தில் உரசுவதற்கான காய்ந்த மூஸ் தோள் எலும்பு.

என் அண்ணன் லியாண்டர்.

அப்படியே பாசியில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்பா முகாமை என் பேருக்கு எழுதி வைத்துவிட்டுப் போன நாளிலிருந்து அண்ணனுக்கும் எனக்கும் பேச்சு இல்லை. ஆறு வருஷம் ஆகிறது. ஏரிக்கு அந்தக் கரையில் அவன் தனி முகாம் போட்டான். தேவாலயத்தில் அவன் இடது பக்கம் உட்கார்ந்தால் நான் வலது பக்கம். அப்படிப்பட்ட நாங்கள் இரண்டு பேரும் அரை மணி நேரமாக ஒருத்தரை ஒருத்தர் காதலோடு கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"பொண்ணு கூப்பிடுதேன்னு ஓடி வந்தா, இங்க ஒரு தாடிக்காரன்ல உக்காந்திருக்கான்?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வாயில் வந்ததைக் கேட்டேன்.

"உன் கூட வேட்டைக்கு வந்த ஆளு எங்கண்ணே?"

"படகுல உக்கார வெச்சிட்டு வந்தேன்."

"மூஸைத் தேடித் தனியாவா வந்தே?"

"மூஸாவது, மண்ணாவது! முதல் கத்தல்லயே நீதான்னு தெரிஞ்சுபோச்சுடா. கடைசியில ஒரு விக்கல் விடுவே பாரு, அப்பா விடற மாதிரி. அது வேற எவனுக்கு வரும்?"

தெரிந்தேதான் வந்திருக்கிறான். முழங்கால் சேற்றில், எனக்கு 'உவ்' கொட்டிக்கொண்டே, சதுப்பின் அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்கு. ஆறு வருஷத்துக்குப் பிறகு என்னிடம் வர அவனுக்கு வேறு வழி தெரியவில்லை.

"இவர் துப்பாக்கி உன்னைத்தான் பாத்துக்கிட்டு இருந்துச்சுண்ணே," என்றேன். "சுட்டிருந்தா?"

"நீ பக்கத்துல இருக்கியே," என்றான், ரொம்பச் சாதாரணமாக. "கண்ணால பாக்காம சுட விட்டுடுவியா நீ?"

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன்.

வெண்டல் குண்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே முந்திக்கொண்டார்.

"விடலைங்க. நான் அவசரப்பட்டுட்டேன், உங்க தம்பிதான் கையைப் பிடிச்சு நிறுத்தினாரு."

அண்ணன் தலையை ஆட்டிவிட்டு, எனக்குப் பக்கத்தில் பாசியில் உட்கார்ந்தான்.